பாரிஸின் ரொட்டியும் அஸ்ஹரின் இமாமும்

அரபு மொழியில் பயண இலக்கியம் ‘ரிஹ்லா’ என்னும் பெயரால் வழங்குகிறது. இவ்வகை நூல்களைக் கற்கும்போது நாம் பெரும்பாலும் நகரங்கள், மன்னர்கள், மஸ்ஜிதுகள், அறிஞர் பெருமக்கள் ஆகியோர் பற்றிய செய்திகளையே தேடுகின்றோம். பயணி எதை உண்டார், எவ்வாறு உண்டார், யாருடன் அமர்ந்து உண்டார் என்னும் குறிப்புகளைச் சுவைக்காகப் படித்துவிட்டுக் கடந்து செல்கின்றோம். ஆயினும் பழங்காலப் பயணிகள் அவற்றை அவ்வளவு எளியனவாகக் கருதவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் இந்தியாவின் மேற்குக் கரையைக் கண்ட இப்னு பதூதா, தேங்காயையும் வெற்றிலையையும் மாங்காய் ஊறுகாயையும் எத்துணைக் கவனத்துடன் விவரித்துள்ளார் என்பதை அவரது நூலைக் கற்றோர் அறிவர். ஒரு சமுதாயம் தன் உணவை எவ்வாறு விளைவிக்கிறது, எவ்வாறு பங்கிடுகிறது, எந்த ஒழுங்கில் உண்கிறது என்பது அச்சமுதாயத்தைப் பற்றிய சாட்சியமாகும். சாட்சியம் என்று வந்துவிட்டால், சாட்சி சொல்பவர் நீதியாளராக இருத்தல் வேண்டும்.

இந்த நோக்கில், பிரெஞ்சு நாட்டின் உணவு மேசையைக் கண்டு எழுதிய முஸ்லிம் பயணிகளுள் தலையாயவரான ரிஃபாஆ ராஃபிஃ அத்தஹ்தாவியின் குறிப்புகளை இக்கட்டுரையில் ஆராய்வோம். அவருக்கு முன்னும் பின்னும் அங்குச் சென்ற இருவரின் அனுபவங்களையும் உடன் வைத்து நோக்குவோம்.

இமாமாகச் சென்றவர்

தஹ்தாவி 1801ஆம் ஆண்டு மேல் எகிப்தின் தஹ்தா என்னும் ஊரில் பிறந்தார். 1817இல் அல்அஸ்ஹரில் சேர்ந்து, அக்காலத்தின் பேரறிஞர் ஷைகு ஹஸன் அல்அத்தாரிடம் கல்வி பயின்றார். 1798இல் நெப்போலியனின் படை எகிப்தினுள் புகுந்தபோது, அதனுடன் வந்த பிரெஞ்சு அறிஞர்களோடு பழகியவர் ஷைகு அத்தார். தம் நாட்டின் கல்விநிலை மாறியே தீரவேண்டும் என்னும் எண்ணம் அவருள் வேரூன்றியிருந்தது. 1826இல் எகிப்தின் ஆட்சியாளர் முஹம்மது அலீ பாஷா நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பாரிஸுக்கு அனுப்பியபோது, அவர்களுக்கு இமாமாகத் தம் மாணவரைப் பரிந்துரைத்தவர் அவரே. காண்பவற்றையெல்லாம் குறித்து வருமாறு அறிவுறுத்தியவரும் அவரே.

தொழுகை நடத்தவும் மார்க்க விளக்கம் தரவும் சென்ற அந்த இளைஞர், அப்போது இருபத்தைந்து வயதைக் கூட நிறைவு செய்யவில்லை. அங்கே பிரெஞ்சு மொழியைத் தாமே முனைந்து கற்று, மொழிபெயர்ப்பில் தேர்ச்சி பெற்று, 1831இல் தாயகம் திரும்பினார். அவரது பயண நூலான ‘தக்லீஸுல் இப்ரீஸ் ஃபீ தல்கீஸி பாரீஸ்’ 1834இல் கெய்ரோவின் பூலாக் அச்சகத்தில் அச்சாயிற்று. 1839இல் துருக்கி மொழியாக்கமும் வெளிவந்தது. 1835இல் நிறுவப்பெற்ற மொழிகள் கல்லூரியை முன்னின்று நடத்திய பெருமையும் அவருக்குரியது. 1873இல் அவர் மறைந்தார்.

நாற்காலியும் முள்கரண்டியும்

1826 மே மாதம் மார்சேய் துறைமுகத்தில் மாணவர் குழு இறங்கியது. தொற்றுநோய்த் தடுப்புக்காக வெளிநாட்டுப் பயணிகளைத் தனித்து வைக்கும் விடுதியில் அவர்கள் தங்கவைக்கப்பட்டனர். அங்குதான் தஹ்தாவி பிரெஞ்சு உணவு மேசையை முதன்முதலாகக் காண்கிறார்.

முதலில் அவர்களுக்காக ஏறத்தாழ நூறு நாற்காலிகள் கொண்டுவரப்பட்டன. தரையில் விரிப்பின்மீது ஒருவர் அமர்வதையே அந்நாட்டார் விந்தையாகக் கருதினர் என்று அவர் குறிக்கின்றார். பின்னர் உயரமான மேசைகள் இடப்பட்டன. ஒவ்வொருவர் முன்னும் வெண்ணிறத் தட்டு, கண்ணாடிக் குவளை, கத்தி, முள்கரண்டி, கரண்டி ஆகியவை வைக்கப்பட்டன. தண்ணீர்க் குப்பிகளும், உப்புக்கும் மிளகுக்கும் தனித்தனிச் சிறு பாத்திரங்களும் மேசைதோறும் இருந்தன. பெரிய பாத்திரத்திலிருந்து ஒருவர் எடுத்துப் பரிமாற, அவரவர் தட்டில் வந்ததை அவரவர் உண்டனர். கையால் எவரும் உணவைத் தொடவில்லை. ஒருவரது கரண்டியை மற்றவர் பயன்படுத்தவில்லை. ஒருவர் பருகிய குவளையில் மற்றவர் பருகவுமில்லை. இதுவே தூய்மைக்கும் உடல்நலத்திற்கும் ஏற்றது என்பது அவர்களின் கருத்து என்று தஹ்தாவி பதிவு செய்கின்றார்.

ஒரே தாம்பாளத்தைச் சுற்றி அமர்ந்து கையால் உண்ணும் பண்பாட்டிலிருந்து சென்றவர் அவர். கையால் உண்பதும் கூடியிருந்து உண்பதும் நபிவழியின் பாற்பட்டவை என்பதை அறிந்த ஆலிம். ஆயினும் முள்கரண்டியை ஏளனம் செய்யவில்லை. தம் வழக்கத்திற்காக நாணவுமில்லை. பார்த்ததைப் பார்த்தவாறு எழுதி, அதற்கு அந்நாட்டார் கூறும் காரணத்தையும் அவர்கள் கூற்றாகவே எழுதுகின்றார். பிறர் கருத்தை அவர்தம் பெயரிலேயே எடுத்துரைத்துப் பின்னர்த் தம் கருத்தைக் கூறுவது ஃபிக்ஹு நூல்களில் பயின்றவர்களின் முறையாகும். அல்அஸ்ஹரின் பயிற்சி மார்சேயின் மேசையருகிலும் அவருடன் இருந்தது.

உணவின் வரிசையையும் அவர் கூர்ந்து நோக்கினார். முதலில் சூப், அதன்பின் இறைச்சி வகைகள், தொடர்ந்து காய்கறிகளும் மாவுப் பண்டங்களும் இலைக்கறிக் கலவையும், பின்னர்ப் பழங்கள், இறுதியில் தேநீரோ காப்பியோ என அவ்வரிசை அமைந்திருந்தது. எல்லா உணவையும் ஒருங்கே பரப்பி, விரும்பியதை விரும்பியவாறு எடுத்துண்ணும் வழக்கமுடையோர்க்கு இவ்வொழுங்கு புதுமையாகவே தோன்றியிருக்கும்.

கஹ்வா திரும்பி வந்த கதை

அந்நகரின் காப்பிக் கடை ஒன்றினுள் நுழைந்தபோது, அது ஒரு பெரிய கடைத்தெரு என்றே தஹ்தாவி முதலில் எண்ணினார். அவ்வளவு மக்கள் அங்கே தென்பட்டனர். சுவரெங்கும் பதித்திருந்த நிலைக்கண்ணாடிகள் ஒருவரைப் பலராகக் காட்டின என்பது பின்னரே அவருக்கு விளங்கிற்று. உயர்ந்த இருக்கையில் அமர்ந்து கணக்கெழுதும் பெண், வருவோர் படிப்பதற்காக வைக்கப்பட்ட செய்தித்தாள்கள், காப்பியுடன் தரப்படும் சர்க்கரை என ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்கின்றார். அங்குத் தரப்பட்ட காப்பிக் கோப்பை எகிப்தின் ஃபின்ஜானைப் போல் நான்கு மடங்கு பெரியது. அதனைக் கிண்ணம் என்றே சொல்ல வேண்டும் என்னும் கருத்துப்பட நகைச்சுவையுடன் எழுதுகின்றார்.

அந்தக் கஹ்வா பாரிஸுக்குச் சென்ற வழியை நாம் இங்கு நினைவுகூர்தல் வேண்டும். யமன் நாட்டு ஸூஃபிகள் இரவு வணக்கங்களுக்கு விழித்திருக்கப் பருகிய பானம், மக்காவுக்கும் கெய்ரோவுக்கும் இஸ்தான்புல்லுக்கும் பரவியது. 1669இல் உதுமானியத் தூதர் சுலைமான் ஆகா பதினான்காம் லூயி மன்னரிடம் வந்தபோது, தம் இல்லத்திற்கு வந்த பிரமுகர்களுக்குக் காப்பி அளித்து உபசரித்தார். பாரிஸ் மேல்தட்டினரிடையே அது நாகரிகமாயிற்று. 1686இல் தோன்றிய ப்ரோகோப் காப்பியகம் புகழ்பெற்றது. ஆக, தஹ்தாவி மார்சேயில் பருகியது தம் முன்னோரின் பானத்தையே. அது வேறு கோப்பையில் அவரிடம் திரும்பி வந்தது.

காப்பி மட்டுமன்று. சர்க்கரையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான ‘சூக்ர்’ அரபியின் ‘ஸுக்கர்’ என்பதன் வழி வந்தது. ‘ஷராப்’ என்பது ‘சிரோ’ என்றாயிற்று. ‘அல்பர்கூக்’ ‘அப்ரிகோ’ ஆனது. ‘ஸஃபரான்’, ‘ஓபெர்ஜீன்’, ‘ஆர்த்திஷோ’, ‘ஓரான்ஜ்’ ஆகிய சொற்களின் வேரைத் தேடிச் செல்வோர் அந்தலுஸின் தோட்டங்களையும் சிசிலியின் வயல்களையும் கடந்தே செல்வர். சர்க்கரை இன்றி பாரிஸின் இனிப்புப் பண்டங்கள் இல்லை. அச்சர்க்கரையை மத்தியதரைக் கடலோரம் பயிராக்கிக் காய்ச்சிப் பரப்பியோர் முஸ்லிம் ஆட்சிக்குட்பட்ட நாடுகளின் உழவர்களும் தொழிலாளர்களுமே. இதனைப் பெருமைக்காகக் கூறவில்லை. நாகரிகங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று பெறுவது இழிவன்று என்பதற்கு உணவு மேசையே போதிய சான்றாகும் என்பதற்காகக் கூறுகின்றோம்.

ரொட்டியும் முஹ்தஸிபும்

பாரிஸ் மக்களின் உணவுக்கென ஒரு பகுதியையே தஹ்தாவி ஒதுக்கியுள்ளார். அவர்களின் அடிப்படை உணவு கோதுமை; அது காற்றாலையிலும் நீராலையிலும் அரைபடுகிறது; ரொட்டி கடையில் சுடப்படுகிறது; மக்கள் அன்றாடம் தமக்கு வேண்டியதைக் கடையில் வாங்கிக்கொள்கின்றனர்; எல்லோரும் தத்தம் தொழிலில் ஈடுபட்டிருப்பதால், இதனால் நேரமும் செலவும் மிச்சமாகின்றன என்பன அவரது கணிப்புகள். இவற்றின் தொடர்ச்சியாக அவர் கூறும் செய்தியே நம் கவனத்திற்குரியது. நகருக்குப் போதுமான ரொட்டி நாள்தோறும் கடைகளில் இருக்க வேண்டும் என்று முஹ்தஸிப் ரொட்டிக்காரர்களுக்குக் கட்டளையிட்டிருக்கின்றார் என்று அவர் எழுதுகின்றார்.

பாரிஸில் ஏது முஹ்தஸிப்? நகரக் காவல்துறையின் ஆணையரையே அவர் இப்பெயரால் அழைக்கின்றார். இது வெறும் சொற்பெயர்ப்பு அன்று. இஸ்லாமிய நகரங்களில் சந்தையைக் கண்காணித்த ஹிஸ்பா அமைப்பினைப் பயின்றவர்க்கே இச்சொல் இங்குத் தோன்றும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஷைஸரீ எழுதிய ஹிஸ்பா நூலில் ரொட்டிக்காரர்க்கான விதிகள் உள்ளன. மாவைக் காலால் மிதித்துப் பிசையக் கூடாது. பிசைபவர் எச்சில் தெறிக்காதவாறு வாயை மூடிக்கொள்ள வேண்டும். வியர்வை சிந்தாதபடி நெற்றியில் துணி கட்டிக்கொள்ள வேண்டும். ஈயோட்ட ஒருவர் உடனிருக்க வேண்டும் என்றெல்லாம் அந்நூல் பேசுகின்றது. ஏழையின் ரொட்டியில் கலப்படமும் எடைக்குறைவும் நேராமல் காப்பது ஆட்சியின் கடமை என்னும் கொள்கையே அதன் அடிப்படை. தஹ்தாவி பாரிஸில் அக்கொள்கை நடைமுறையில் இருப்பதைக் கண்டார். தம் மரபின் சொல்லையே அதற்குச் சூட்டினார்.

அவரது அவதானம் சரியானதே என்பதை வரலாறு உறுதிப்படுத்துகின்றது. நெப்போலியன் ஆட்சியில் 1801 அக்டோபரில் பிறப்பிக்கப்பட்ட ஆணையின்படி, பாரிஸில் ரொட்டிக்கடை நடத்த உரிமம் தேவை. ஒவ்வொரு கடைக்காரரும் குறிப்பிட்ட அளவு மாவு மூட்டைகளை இருப்பு வைத்தாக வேண்டும். விலையை அதிகாரிகள் நிர்ணயித்தனர். இக்கட்டுப்பாடு 1863 வரை நீடித்தது.

இதன் காரணத்தை அறிய முந்தைய தலைமுறைக்குச் செல்ல வேண்டும். பிரெஞ்சு ஏழைத் தொழிலாளியின் கூலியில் பாதியளவு சாதாரண நாட்களிலேயே ரொட்டிக்குச் சென்றது. 1774இல் தானிய வணிகத்தின் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன, விளைச்சலும் பொய்த்தது, 1775இல் ‘மாவுப் போர்’ எனப்படும் கலகங்கள் மூண்டன. 1789 அக்டோபர் 5ஆம் நாள் பாரிஸின் பெண்கள் ரொட்டி கேட்டு வெர்சாய் அரண்மனைக்கு நடந்தே சென்று, மறுநாள் மன்னரையும் அரசியையும் தலைநகருக்கு அழைத்து வந்தனர். ரொட்டி இல்லாவிடில் அரியணை இல்லை என்பதை அதன்பின் வந்த ஆட்சியாளர் எவரும் மறக்கவில்லை. தஹ்தாவி கண்ட ஒழுங்கு, இரக்கத்தின் விளைவு என்பதைவிட அச்சத்தின் விளைவு என்பதே பொருத்தம்.

அவரது பாராட்டுக்கு ஒரு வரம்பும் உண்டு. அவர் அரசுச் செலவில் தங்கிப் பயின்றவர். 1827ஆம் ஆண்டின் மோசமான விளைச்சலுக்குப்பின் பாரிஸில் ரொட்டி விலை ஏறியது, ஏழைகள் இடருற்றனர். கடையில் ரொட்டி இருப்பது வேறு, அதனை வாங்கும் காசு கையில் இருப்பது வேறு. 1830 ஜூலையில் மன்னர் பத்தாம் சார்லஸைத் துரத்திய புரட்சியைத் தஹ்தாவி நேரில் கண்டு விரிவாக எழுதியுள்ளார். அப்புரட்சிக்கு அரசியல் காரணங்களே முதன்மையானவை எனினும், முந்தைய ஆண்டுகளின் பஞ்சமும் அதன் பின்புலத்தில் இருந்தது என்பதை நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மேசையில் இறைச்சி

ரொட்டியில் எழாத கேள்வி இறைச்சியில் எழுகின்றது. இமாமாகச் சென்றவர் இதனைத் தவிர்த்திருக்க இயலாது. பாரிஸின் இறைச்சிக் கூடங்கள் நகரின் நடுவில் இல்லாமல் ஓரங்களில் அமைந்திருப்பதைத் தஹ்தாவி குறிக்கின்றார். அழுக்கும் நாற்றமும் நகரினுள் பரவாதிருக்கவும், வெருண்டோடும் விலங்குகளால் மக்களுக்குத் தீங்கு நேராதிருக்கவுமே இவ்வேற்பாடு என்கின்றார். நெப்போலியன் 1810இல் ஆணையிட்டு, 1818இல் திறக்கப்பெற்ற ஐந்து கூடங்களையே அவர் கூறுகின்றார் எனக் கொள்ளலாம்.

கூடத்தின் தூய்மையைப் பாராட்டிய அதே எழுதுகோல், அங்கு மாடுகள் கொல்லப்படும் முறையையும் மறைக்காமல் எழுதுகின்றது. மாட்டின் தலையில் சம்மட்டியால் அடித்து வீழ்த்திய பின்னரே அறுக்கின்றனர். அவருடைய எகிப்தியப் பணியாள் ஒருவர் இதனைக் கண்டு வந்து, பரங்கியர் நாட்டில் தன்னை மாடாகப் படைக்காமல் விட்ட இறைவனைப் புகழ்ந்ததாகத் தஹ்தாவி கூறுகின்றார். படிப்போர் சிரிக்கலாம், எனினும் சிரிப்பினுள் ஒரு சட்டப் பிரச்சினை உள்ளது. வேதம் அருளப்பெற்றோரின் உணவு ஆகுமானது என்பதும், அடிபட்டு இறந்தது விலக்கப்பட்டது என்பதும் அல்மாயிதா அத்தியாயத்தில் அடுத்தடுத்து வருகின்ற சட்டங்கள். ‘மாயிதா’ என்னும் சொல்லே உணவு பரப்பிய மேசையைக் குறிப்பதாகும். அடியால் விலங்கு இறந்ததா, அன்றி உயிருடன் இருக்கையில் அறுக்கப்பட்டதா என்பதே அங்கு முடிவைத் தீர்மானிக்கும் நுட்பம். ஆகவே கொல்லும் முறையை விவரமாக எழுதுவது பயணக் கதைக்கு அணி சேர்ப்பதன்று. பின்னால் வருவோர் சட்டம் காண்பதற்கான ஆதாரத்தைத் திரட்டுவதாகும். ஐரோப்பிய நாடுகளில் வாழும் முஸ்லிம்கள் இன்றளவும் எதிர்கொள்ளும் இக்கேள்வியை, இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஓர் அஸ்ஹரீ முறையாக ஆவணப்படுத்தியுள்ளார்.

உணவகம் என்னும் புதுமை

பாரிஸில் ‘ரெஸ்தோரதேர்’ எனப்படும் உணவு இல்லங்கள் உள்ளன என்று அச்சொல்லை அரபு எழுத்தில் அப்படியே பெயர்த்தெழுதுகின்றார் தஹ்தாவி. ஒருவர் தம் இல்லத்தில் பெறுவதும் அதற்கு மேலும் அங்குக் கிடைக்கும் என்கின்றார்.

‘ரெஸ்தோரான்’ என்னும் சொல் முதலில் இடத்தைக் குறிக்கவில்லை; உடல் நலிந்தோர்க்கு வலிவூட்டும் இறைச்சிச் சாற்றையே குறித்தது. 1760களில் பாரிஸில் இச்சாற்றினை விற்கும் கடைகள் தோன்றின. அதற்கு முன் பயணிகள் சத்திரத்தில் குறித்த நேரத்தில், பொது மேசையில், இருப்பதை உண்ண வேண்டியிருந்தது. புதிய கடைகளிலோ வேண்டிய நேரத்தில், தனி மேசையில், விலை எழுதிய பட்டியலைப் பார்த்து வேண்டியதைக் கேட்கலாம். 1782இல் பொவில்லியே என்பவர் திறந்த உணவகம் இதனைச் செல்வர்க்குரிய கலையாக்கியது. புரட்சியில் பிரபுக்களை இழந்த சமையற்காரர்களே உணவகங்களைத் தோற்றுவித்தனர் என்று பரவலாகக் கூறுவர். புரட்சி அவற்றைப் பெருக்கியது உண்மையே. ஆயின் அவை புரட்சிக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிவிட்டன.

இத்துணை நுட்பங்களையும் பாராட்டிய தஹ்தாவி, சுவையைப் பொறுத்தவரை தம் தீர்ப்பை ஒளிக்கவில்லை. பலவகையாகச் சமைத்தும் அவர்களின் உணவில் சுவை குறைவு. பாரிஸின் பழங்களில் பீச் தவிர ஏனையவற்றில் உண்மையான இனிப்பு இல்லை என்பது அவர் கருத்து. பிரெஞ்சு மாவுப் பண்டக் கலையின் பெருங்கலைஞரான மரீ அந்தோனேன் காரேம் 1833இல்தான் இறந்தார். அவரது புகழ் உச்சத்திலிருந்த நகரில் வாழ்ந்துகொண்டே ஓர் எகிப்தியர் இவ்வாறு எழுதியிருக்கின்றார். மயக்கமின்மைக்கு இதனைக் காட்டிலும் வேறு சான்று வேண்டுவதில்லை.

வேறு இரு சாட்சிகள்

தஹ்தாவிக்கு நூறாண்டுகளுக்கு முன், 1720-21இல், உதுமானியத் தூதராகப் பிரான்ஸ் சென்றவர் இர்மிசெகிஸ் மெஹ்மத் செலபி. அவர் பாரிஸில் இருந்தபோது ரமளான் வந்தது. தூதர் உண்பதைக் காண விரும்பிய சீமாட்டிகள் கூட்டங்கூட்டமாக வந்து, சுற்றி நின்று பார்த்தனர். உண்பவரை வேடிக்கை பார்ப்பது அவருக்குத் தொல்லையாகவே இருந்தது. ஆயினும் அந்நாட்டின் மரபறிந்து பொறுத்துக்கொண்டார். இங்கே முஸ்லிம் பயணி காண்பவரல்லர், காணப்படுபவர்.

தஹ்தாவிக்குப் பின், 1845 டிசம்பரில் மொராக்கோவின் தூதுக்குழுவுடன் சென்றவர் திதுவான் நகரின் ஃபகீஹ் முஹம்மது அஸ்ஸஃப்பார். 1844இல் இஸ்லீ போரில் பிரெஞ்சுப் படையிடம் மொராக்கோ தோற்ற பின்னர் அனுப்பப்பட்ட குழு அது. விருந்து மேசையில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் அமர்ந்திருக்க நேர்ந்ததை ஸஃப்பார் சலிப்புடன் எழுதுகின்றார். உணவுடன் உரையாடலை நீட்டிப்பது விருந்தோம்பலின் அழகு என அரபு மரபும் கூறுவதை அவர் அறிவார். எனினும் மொழி தெரியாமல், பல உணவுகள் ஒவ்வாமல், அவ்வளவு நேரம் அமர்ந்திருப்பது அவர்களுக்குத் துன்பமாயிற்று. தோற்ற நாட்டின் தூதர், வென்ற நாட்டின் மேசையில் இருக்கின்றார் என்பதை மனத்திற் கொண்டு இப்பகுதியைப் படித்தல் வேண்டும். அவரது நூல் நெடுங்காலம் கையெழுத்துப் பிரதியாகவே முடங்கிக் கிடந்தது. தஹ்தாவியின் நூலோ அச்சேறி ஒரு தலைமுறையை உருவாக்கியது.

பிறையும் ஸரஸீனும்

பிரெஞ்சு உணவைப் பற்றி நம்மிடையே உலவும் ஒரு கதையை இங்கு ஆராய்வது தகும். 1683இல் உதுமானியர் வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்றபோது, அவ்வெற்றியைக் கொண்டாட ரொட்டிக்காரர்கள் பிறை வடிவில் ரொட்டி சுட்டனர், அதுவே ‘க்ரோவாசான்’, இஸ்லாத்தின் சின்னத்தைத் தின்று தீர்ப்பதே அதன் நோக்கம் என்பது அக்கதை. ஹதீஸ் கலையைப் பயின்ற நாம் முதலில் கேட்க வேண்டியது அறிவிப்பாளர் தொடர் எங்கே என்பதாகும். முற்றுகைக் காலத்து ஆவணங்களில் இதற்குச் சான்றில்லை. பிறை வடிவக் ‘கிப்ஃபெல்’ ரொட்டி அம்முற்றுகைக்கு நெடுங்காலம் முன்பே அப்பகுதியில் இருந்தது. ஏறத்தாழ 1838-39இல் ஆகுஸ்ட் ஸாங் என்னும் ஆஸ்திரியர் பாரிஸில் வியன்னா முறை ரொட்டிக்கடை திறந்த பின்னரே அது பிரெஞ்சு மக்களிடம் பரவியது. அடுக்கடுக்காக வெண்ணெய் மடித்துச் செய்யும் இன்றைய வடிவம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைபெற்றது. 1831இலேயே தாயகம் திரும்பிவிட்ட தஹ்தாவி பாரிஸின் கடைகளில் அதனைக் கண்டிருக்க வழியில்லை. ஆதாரமற்ற கதையால் ஓர் உணவின்மீது வெறுப்புக் கொள்வது அறிவுடைமை ஆகாது.

மாறாக, மெய்யான தொடர்பு ஒன்று கவனிக்கப்படாமல் கிடக்கின்றது. பிரான்ஸின் மேற்கிலுள்ள பிரித்தானி மாகாணத்தில், அகன்ற இரும்புத் தட்டில் மாவைத் தோசைபோல் மெல்லியதாகப் பரப்பிச் சுடும் ‘கலெத்’ ஏழைகளின் அன்றாட உணவாக இருந்தது. கோதுமை மாவில் இனிப்பாகச் செய்வதைக் ‘க்ரெப்’ என்பர். கலெத்துக்குரிய கருநிறத் தானியத்தின் பிரெஞ்சுப் பெயர் ‘ஸரஸேன்’, அதாவது முஸ்லிம்களைக் குறிக்க இடைக்கால ஐரோப்பியர் வழங்கிய அதே சொல். அத்தானியம் சீனப் பகுதியில் தோன்றி, பதினைந்தாம் நூற்றாண்டளவில் பிரான்ஸை அடைந்தது. கிழக்கிலிருந்து வந்தது, நிறம் கருத்தது என்னும் காரணங்களால் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. வளமற்ற மண்ணிலும் மூன்று மாதங்களில் விளையும் அத்தானியம், கோதுமை விளையாத நிலத்து ஏழைகளைப் பஞ்சத்தினின்று காத்தது. பகைவனின் பெயரைச் சூட்டிய பயிரே பசியாற்றிற்று.

கடன்பட்ட கோதுமை

இறுதியாக, தஹ்தாவி உண்ட ரொட்டியின் மறுபக்கத்தைக் காண்போம். 1790களில் புரட்சியின் கொந்தளிப்பில் பிரான்ஸ் உணவின்றித் தவித்தபோது, அல்ஜியர்ஸிலிருந்து கோதுமை கடனாக அனுப்பப்பட்டது. வணிகக் குடும்பங்கள் வாயிலாகச் சென்ற அக்கோதுமையின் விலை பல்லாண்டுகளாகத் தீர்க்கப்படவில்லை. 1827 ஏப்ரலில் இக்கடனைப் பற்றிய வாக்குவாதத்தில் ஆட்சியாளர் ஹுசைன் தை, பிரெஞ்சுத் துணைத்தூதர் தெவாலை விசிறியால் தட்டினார். அதனையே சாக்காகக் கொண்டு பிரான்ஸ் துறைமுகத்தை முற்றுகையிட்டது. 1830 ஜூலை 5ஆம் நாள் அல்ஜியர்ஸ் வீழ்ந்தது. 132 ஆண்டுகள் நீடித்த அடிமைத்தனம் அவ்வாறு தொடங்கிற்று.

அந்நாட்களில் தஹ்தாவி பாரிஸில் இருந்தார். முஸ்லிம்கள்மீது கிறிஸ்தவம் கண்ட வெற்றி என்று தலைமைப் பேராயர் கொண்டாடியதையும் அவர் அறிந்தார். இது மதப்போர் அன்று. ஆணவத்தில் பிறந்த அரசியல், வணிகப் பிணக்கே என்று அவர் துணிந்து எழுதினார். ரொட்டிக் கடையின் ஒழுங்கைப் பாராட்டிய அவரே இதனையும் எழுதியுள்ளார். நன்மையைக் கண்டபோது சொல்வதும், அநீதியைக் கண்டபோது பெயரிட்டு உரைப்பதும் ஒரே நாவுக்குரிய கடமைகள் என்பதை இவ்விரு பகுதிகளையும் சேர்த்துக் கற்போர் உணர்வர்.

தஹ்தாவி மார்சேயில் இறங்கி நூறாண்டுகள் கழித்து, 1926 ஜூலையில் பாரிஸ் பெரிய மஸ்ஜித் திறக்கப்பட்டது. அதனையொட்டிய தேநீரகத்தில் புதினாத் தேநீரும் தேனும் பாதாமும் சேர்ந்த வட ஆப்பிரிக்க இனிப்புகளும் பரிமாறப்படுகின்றன. அங்கு வந்து அமர்வோருள் முஸ்லிமல்லாத பாரிஸ் மக்களும் பலர். 2022இல் பகெத் ரொட்டி செய்யும் கைத்திறனை யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது. அந்த ரொட்டியை இன்று பாரிஸில் சுடுவோருள் மக்ரிபிலிருந்து குடியேறியோரின் வழித்தோன்றல்களும் உள்ளனர். நகரின் சிறந்த பகெத்துக்கான பரிசை அவர்களுட் சிலர் வென்றுமிருக்கின்றனர்.

அந்நிய நாகரிகத்தின் முன் நம்மவர் இரு வழிகளில் தடுமாறுகின்றனர். ஒரு சாரார் அனைத்தையும் வியந்து தம்மை இழக்கின்றனர். மற்றொரு சாரார் அனைத்தையும் வெறுத்துப் பயனை இழக்கின்றனர். தஹ்தாவி ரொட்டியைப் பாராட்டினார், மாட்டிறைச்சியின் முறையை ஆராய்ந்தார், பழத்தின் சுவையைக் குறை கூறினார், போரின் பொய்யை மறுத்தார். ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய தீர்ப்பையே வழங்கினார். ஒரு கூட்டத்தார்மீதுள்ள வெறுப்பு நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்னும் இறைக்கட்டளை அமைந்திருப்பதும் அல்மாயிதா அத்தியாயத்திலேதான், உணவுச் சட்டங்களுக்குச் சில வசனங்களே கடந்து.